தடுமனும் தலைபாரமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் நிலப்பரப்பு வானம் பார்த்த பூமி. ஆடி மாதத்தில் மேல்காற்று கரிசல் புழுதியை வாரி இறைக்கும். ஐப்பசியில் மழை இறங்கிக் கண்மாய்களை நனைக்கும். மார்கழியில் பனி கொட்டும். பருவங்கள் இவ்வாறு மாறினாலும், அவை மாறும்போதெல்லாம் இவ்வட்டாரத்து மக்கள் சொல்லுகிற குறை ஒன்றுதான்: “தடுமன் பிடித்திருக்கிறது, தலை பாரமாக இருக்கிறது.” காது, மூக்கு, தொண்டை மருத்துவனாக இப்பகுதியில் பணிபுரிந்துவரும் நான் இச்சொற்களைக் கேளாத நாளே இல்லை.

தடுமனைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தச் சிறு நோய் எப்போது சிறு நோயாக இருப்பதை நிறுத்திக்கொள்ளுகிறது என்பதை அறியாமையால், சிலர் வீணாக மருந்து உண்கிறார்கள். வேறு சிலர் உண்ண வேண்டிய காலத்தில் உண்ணாமல் இருந்துவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டை உங்களுக்குக் காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் மூக்கின் அமைப்பைப் பார்ப்போம். நாம் கண்ணாடியில் காணும் மூக்கு ஒரு வாயிற்படி மட்டுமே. அதன் பின்னே, முகத்து எலும்புகளுக்குள், காற்று நிறைந்த அறைகள் நான்கு இணைகளாக அமைந்துள்ளன. கன்ன எலும்பினுள் ஓர் இணை. புருவத்திற்கு மேலே நெற்றி எலும்பினுள் ஓர் இணை. இரு கண்களுக்கும் இடையே தேன்கூட்டைப் போன்ற சிற்றறைகளாக ஓர் இணை. மண்டையின் நடுப்பகுதியில், மூக்கின் பின்கோடியில், ஓர் இணை. இவற்றைத்தான் சைனஸ் என்று வழங்குகிறோம். “எனக்குச் சைனஸ் இருக்கிறது” என்று பலர் நோயைப்போலச் சொல்லுவார்கள். சைனஸ் எல்லார்க்கும் இருக்கிறது. அதில் அழற்சி உண்டாகும்போதுதான் அது நோய். சித்த மருத்துவத்தில் இத்தகைய மூக்கு நோய்களைப் பீனிசம் என்ற பெயரால் குறிப்பார்கள்.

கன்னத்து அறையை 1651-ஆம் ஆண்டில் விரிவாக விளக்கியவர் நத்தானியல் ஹைமோர் என்னும் ஆங்கில மருத்துவர். அவரிடம் வந்த ஒரு பெண்மணிக்கு மேல்வரிசைப் பல் ஒன்றைப் பிடுங்கியபின் அந்தக் குழி வழியே ஓயாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் ஓர் இறகின் தண்டை உள்ளே செலுத்திப் பார்த்தாள். அது நெடுந்தொலைவு சென்றதைக் கண்டு, மூளையையே தொட்டுவிட்டதோ என்று திகைத்துப்போனாள். அது மூளை அன்று, கன்னத்து எலும்பில் உள்ள வெற்றறை என்று ஹைமோர் அவளுக்கு எடுத்துரைத்தார். மேற்பல்லின் வேர் அந்த அறையின் தரையை ஒட்டி நிற்கிறது என்ற செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

இந்த அறைகளின் உட்சுவரை மெல்லிய ஈரச்சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் நின்று, நொடிக்குப் பத்து முறைக்கு மேல் ஒரே திசையில் அசைந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் மேலே சளிப் படலம் ஒன்று மெல்ல நகர்கிறது. நாம் மூச்சோடு இழுக்கும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு, அறையின் வாயில் வழியே மூக்குக்கு வந்து, அங்கிருந்து தொண்டைக்குப் போய், வயிற்றில் அழிந்துவிடுகின்றன. சளி என்றால் அருவருப்புக் கொள்ளுகிறோம். ஆனால் அளவோடு இருக்கும் சளி நம் உடலின் காவற்காரன்.

கன்னத்து அறையில் ஒரு விந்தை உண்டு. அதன் வாயில் தரையை ஒட்டி இல்லை. சுவரின் மேற்பகுதியில் இருக்கிறது. நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் மடையும், மிகுந்த நீர் வழிந்தோட மேலே கலிங்கும் அதற்கு உண்டு. மடையே இல்லாமல் கலிங்கு மட்டும் வைத்துக் கட்டிய கண்மாயில் நீர் எவ்வாறு வெளியேறும்? நிரம்பி வழிந்தால்தான் உண்டு. இல்லையேல் யாராவது இறைத்துவிட வேண்டும். கன்னத்து அறையில் அந்த இறைப்பு வேலையை நுண்மயிர்களே செய்கின்றன. அவை ஓய்ந்துவிட்டாலோ, வாயில் வீங்கி அடைத்துக்கொண்டாலோ, உள்ளே நீர் தேங்கிவிடும். தேங்கிய நீரில் கிருமி பெருகும். சைனஸ் நோயின் கதை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

இனி நோயின் போக்கை நாள்வாரியாகக் காண்போம்.

தடுமனைத் தருவது வைரஸ். ரைனோவைரஸ் என்ற இனம் 1956-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. ஆகையால்தான் ஒருமுறை தடுமன் வந்தவருக்கு மறுமுறை வராது என்று சொல்ல முடிவதில்லை. மழையில் நனைந்ததால் தடுமன் வந்தது என்று நாம் சொல்லுவோம். இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னுமிடத்தில் 1946-இல் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையத்தில், தாமே முன்வந்த சிலரை ஈரத்தோடு குளிர்காற்றில் நிற்கவைத்துப் பார்த்தார்கள். குளிர் மட்டுமே தடுமனைத் தந்ததாகத் தெரியவில்லை. மழைக்காலத்தில் கதவையும் சாளரத்தையும் அடைத்துக்கொண்டு ஒரே வகுப்பறையில் நெருங்கி அமர்கிறோம். ஒருவர் மூக்கைத் தொட்ட கை மற்றவர் எழுதுகோலைத் தொடுகிறது. வைரஸுக்கு அதுவே போதுமான வழி.

வைரஸ் உட்புகுந்த ஓரிரு நாட்களில் தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் துன்பம் உச்சத்தை அடையும். மூக்கு அடைத்துக்கொள்ளும், முகம் கனக்கும், மணம் தெரியாது, சோறு சப்பென்றிருக்கும். சிலர்க்கு இலேசான காய்ச்சல் தோன்றி ஓரிரு நாட்களில் நீங்கும். நான்காம், ஐந்தாம் நாட்களில் சளி கெட்டிப்பட்டு மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். பிறகு சிறிது சிறிதாகக் குறைந்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் அகன்றுவிடும். இருமல் மட்டும் சில நாட்கள் தங்கக்கூடும். இக்காலத்தில் சைனஸ் அறைகளின் சவ்வும் வீங்கித்தான் இருக்கிறது; ஆயினும் அது வைரஸின் செயல். தானே தணிந்துவிடும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். சளி மஞ்சளாகிவிட்டால் சீழ் பிடித்துவிட்டது, உடனே கிருமிக்கொல்லி மருந்து வேண்டும் என்று படித்தவர்களும் கருதுகிறார்கள். ஒரு நாள் தாய் ஒருத்தி தன் மகளை அழைத்துவந்து, நான்கு நாள் தடுமனுக்கு “நல்ல மாத்திரை” எழுதித் தரும்படி வற்புறுத்தினாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. “போன தடவை கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்; ஆறே நாளில் நின்றுவிட்டதே!” என்றாள். “அம்மா, கொடுக்காமல் இருந்திருந்தாலும் ஆறு நாளில் நின்றிருக்கும்” என்று நான் சொன்னேன். நம் வெள்ளணுக்கள் போரிட்டு மடியும்போது அவற்றிலுள்ள நொதிப்பொருள் ஒன்று பச்சை நிறம் உடையது. அந்த நிறமே சளியில் தெரிகிறது. போர் நடக்கிறது என்பதற்கு அது சான்று; எதிரி பாக்டீரியா என்பதற்குச் சான்று அன்று.

கிருமிக்கொல்லி மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் உடலில் முன்பே குடியிருக்கும் பாக்டீரியாக்களுள் வலியவற்றை மட்டும் மிச்சம் வைத்து வளர்த்துவிடும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, அளவு குறைத்து மருந்து உண்டால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். இரண்டு நாள் மாத்திரை வாங்கித் தின்றுவிட்டு நிறுத்துகிற வழக்கம் அந்த எச்சரிக்கையை நாள்தோறும் மெய்ப்பித்து வருகிறது.

அப்படியானால் பாக்டீரியா புகுந்ததை எவ்வாறு அறிவது? பெரியவர்களுக்கு வரும் தடுமன்களில் நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாதவையே பாக்டீரியா நோயாக மாறுகின்றன. குழந்தைகளிடம் இது சற்று அதிகம். அவ்வாறு மாறுவதை மூன்று அடையாளங்களால் அறியலாம். மூன்றும் நாட்கணக்கைச் சார்ந்தவை.

முதல் அடையாளம்: பத்து நாட்கள் கடந்தும் மூக்கடைப்பும் சளியும் முகக்கனமும் சற்றும் குறையாமல் நீடித்தல். இரண்டாம் அடையாளம்: தொடக்கத்திலேயே 102 டிகிரிக் காய்ச்சலும், அதனோடு சீழ்போன்ற சளியோ முகவலியோ சேர்ந்து, மூன்று நான்கு நாட்கள் விடாமல் இருத்தல். மூன்றாம் அடையாளம் மிகவும் கவனிக்கத்தக்கது. ஐந்தாறு நாட்களில் நோய் தணிந்து வருகிறது. “ஆளாகிவிட்டோம்” என்று பள்ளிக்கும் புறப்பட்டுவிடுகிறோம். திடீரென்று மறுபடி காய்ச்சலும் தலைவலியும் எழுந்து, சளி முன்னிலும் மிகுகிறது. இறங்கிய நோய் மீண்டும் ஏறுவதே இதன் தன்மை. இம்மூன்றில் ஒன்று தோன்றினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் தரும் மருந்தை அவர் சொன்ன நாள்வரை உண்ண வேண்டும்.

எந்த அறையில் நீர் தேங்கியது என்பதை வலியின் இடமே ஓரளவு சொல்லிவிடும். கன்னத்து அறையானால் கன்னமும் மேற்பற்களும் வலிக்கும். குனிந்தால் வலி மிகும். நெற்றி அறையானால் புருவத்தின் மேலே வலிக்கும். கண்ணிடை அறைகளானால் மூக்கின் வேரும் கண்ணின் பின்புறமும் வலிக்கும். பின்கோடி அறையானால் உச்சியிலோ பிடரியிலோ வலி தெரியும்.

இதுவரை சொன்னவை வீட்டிலிருந்தே எண்ணிப் பார்க்கத்தக்கவை. இனிச் சொல்லப்போவது நாள் எண்ணிக் காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை.

கண்ணுக்கும் கண்ணிடை அறைகளுக்கும் நடுவே உள்ள எலும்புச் சுவரை மருத்துவ நூலார் இலத்தீன் மொழியில் காகிதத் தகடு என்று அழைக்கிறார்கள். பெயருக்கு ஏற்ப அது அவ்வளவு மெலிந்தது. அறையில் பெருகிய நோய் அதைக் கடந்து கண்குழிக்குள் புகக்கூடும். சிறுவர்களிடம் இது மிகுதி. அதேபோல் நெற்றி அறையின் இரத்தக் குழாய்கள் மூளை உறையின் குழாய்களோடு தொடர்பு கொண்டவை. அந்த வழியே மூளைக்கு நோய் பரவுதல், நெற்றி அறை வளர்ந்துகொண்டிருக்கும் பதின்பருவ இளைஞர்களிடம் சற்று அதிகமாகக் காணப்படுகிறது. இந்தப் பேச்சை மாணவர்களாகிய உங்களை முன்னிறுத்தி நான் நிகழ்த்துவதற்கு இதுவே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பதினைந்து வயது மாணவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரத் தடுமன் குறைந்து, பின் காய்ச்சலோடு திரும்பியிருந்தது. முந்தைய நாள் காலையில் இடக்கண் இமை வீங்கியது. சூட்டினால் வந்த வீக்கம் என்று எண்ணி, குளிர்ச்சிக்கு ஏதோ அரைத்துப் பூசியிருந்தார்கள். என்னிடம் வரும்போது இமை முழுவதும் மூடிவிட்டது. விரலால் திறந்து பார்த்தேன். கண்விழி முன்னே தள்ளியிருந்தது. பக்கவாட்டில் திருப்பச் சொன்னால் திரும்பவில்லை. அன்றே மதுரைக்கு அனுப்பினோம். நரம்பு வழி மருந்தும், அறுவை முறையில் சீழை வெளியேற்றுதலும் அவனுக்குத் தேவைப்பட்டன. அவன் பார்வை தப்பியது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் தப்பியிருக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன்.

ஆகவே இவ்வடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தடுமன் உள்ளவரின் இமை வீங்கிச் சிவத்தல், கண் துருத்துதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல், நெற்றியில் மெத்தென்ற வீக்கம் எழுதல், தாங்கமுடியாத தலைவலியோடு வாந்தி, கழுத்தை முன்னே மடக்க முடியாமை, மயக்கம் அல்லது பேச்சில் தடுமாற்றம். இவற்றுள் ஒன்று கண்டாலும், இரவானாலும் பகலானாலும், காத்திருக்கலாகாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஒருபுறம் இருக்க, 2022-ஆம் ஆண்டு முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. தொலைவு ஒரு தடையாக இனி இருக்க வேண்டியதில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. 2021-இல் கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலையின்போது, கருப்புப் பூஞ்சை என்று மக்கள் அழைத்த மியூக்கர் பூஞ்சை நோய் நாடெங்கும் பலரைத் தாக்கியதை நீங்கள் அறிவீர்கள். கட்டுக்கடங்காத நீரிழிவும், அளவு மீறிய ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு வழி திறந்தன. மூக்கில் கருநிறப் பொருக்கும், ஒருபுறக் கன்னத்தில் மரத்துப்போன உணர்வும் அதன் தொடக்கக் குறிகள். வீட்டில் நீரிழிவுள்ள பெரியவர்கள் இருந்தால், இக்குறிகளை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

நம் வட்டாரத்துக்கே உரிய சில செய்திகளும் உண்டு. நூற்பாலைகளில் பஞ்சு பிரிக்கும் இடத்திலும், தறிக்கூடங்களிலும் பறக்கும் பஞ்சுத் தூசி, சீமைக் கருவேலத்தின் பூந்துகள், அம்மரத்தையே எரித்துக் கரியாக்கும் மூட்டத்தின் புகை, விறகடுப்பின் புகை, களத்தில் தூற்றும்போது எழும் தும்பு. இவை தாமே தொற்றுநோயைத் தருவன அல்ல. சவ்வை உறுத்தி வீங்கச்செய்து, நுண்மயிர்களின் வேலையைக் கெடுத்து, தொற்றுக்கு இடம்பண்ணிக் கொடுப்பவை. காய்ச்சல் இல்லை, கண்ணும் மூக்கும் அரிக்கின்றன, அடுக்குத் தும்மல் வருகிறது, தெளிந்த நீர் மட்டும் ஒழுகுகிறது என்றால், அது பெரும்பாலும் ஒவ்வாமை. அதற்கு மருத்துவம் வேறு. வேலை நேரத்தில் நனைத்துப் பிழிந்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் எளிய காப்பு. நல்ல முகக்கவசம் கிடைத்தால் அது இன்னும் சிறந்தது.

ஒரு மூக்குத் துளையிலிருந்து மட்டும் நாற்றமுள்ள சளி வடிந்தால் பல்லைப் பாருங்கள். ஹைமோரின் பெண்மணியை நினைவில் கொள்ளுங்கள். சொத்தைப் பல்லின் வேர் வழியே கன்னத்து அறைக்கு நோய் ஏறியிருக்கக்கூடும்; பல்லுக்கு மருத்துவம் செய்யாதவரை மூக்கு குணமாகாது. சிறு குழந்தையானால், மூக்கினுள் கடலையோ மணியோ புகுந்திருக்கலாம்.

ஒருபுற மூக்கில் அடிக்கடி இரத்தம் கசிந்து, செந்நிறத்தில் வெண்புள்ளிகளோடு சதை வளர்ந்தால், அது ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோயாக இருக்கலாம். 1900-இல் அர்ஜென்டினாவில் செபெர் என்பவர் முதலில் விவரித்த இந்நோய், பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சீமையிலும் இலங்கையிலும் தொன்றுதொட்டுக் காணப்படுவது. ஊருணி, கண்மாய்களில் தேங்கிய நீரில் மூழ்கிக் குளிப்பவர்களிடம் அது மிகுதி. இதற்குக் காரணமான உயிரியை நெடுங்காலம் பூஞ்சை என்றே கருதினார்கள். மரபணு ஆய்வு அது பூஞ்சை அன்று என்று காட்டியது. மருந்தால் மட்டும் அது தீர்வதில்லை. வேரோடு அகற்றி அடிப்பகுதியைச் சுட வேண்டும். நாய், ஆடு, மாடுகளோடு பங்கிட்டுக்கொள்ளும் தேங்கு நீரில் முங்காமல் இருப்பதே தடுக்கும் வழி.

இறுதியாக, சாதாரணத் தடுமனுக்கு வீட்டில் என்ன செய்யலாம்? ஓய்வும், போதுமான நீரும், காய்ச்சலுக்கும் வலிக்கும் அளவறிந்த பாரசிட்டமாலும் போதும். உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் நல்லது. அரை லிட்டர் நீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. ஆனால் அந்த நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய் நீரையோ கிணற்று நீரையோ அப்படியே மூக்கில் ஏற்றுதல் ஆகாது. தேங்கிய வெந்நிலை நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளைக்கு ஏறக்கூடியது. கேரளத்தில் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அது உயிர்களைப் பறித்தது. யோகம் பயிலும் மாணவர்கள் ஜலநேதி செய்யும்போதும் இதை மறக்கலாகாது.

நொச்சித்தழை போட்டு வேது பிடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் சிறிது நேரம் இதமாக இருக்கும். நோயின் நாட்களைக் குறைப்பதாகத் தெளிவான சான்று இல்லை. பெரியவர்கள் எச்சரிக்கையோடு பிடிக்கலாம், குழந்தைகளுக்கு வேண்டாம். கொதிநீர்ப் பானை கவிழ்ந்து வெந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். தடுமனைவிட அது பன்மடங்கு கொடிது. கடையில் விற்கும் மூக்குச் சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் விடலாகாது. பழகிப்போனால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும். மூக்கைச் சிந்தும்போது இரு துளைகளையும் இறுக்கிப் பிடித்துப் பலமாகச் சிந்தாமல், ஒவ்வொன்றாக மெல்லச் சிந்துங்கள். பிறகு கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

மாணவ நண்பர்களே! இந்நோயில் பெரும்பாலும் கருவிகளைவிட நாட்காட்டியே நமக்கு உதவுகிறது. தடுமன் தொடங்கிய நாளைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வீட்டில் தம்பி, தங்கைக்கு வந்தாலும் எழுதிவையுங்கள். பத்து நாட்களுக்குள் தணிந்தால் மருந்துக்கடைப் பக்கம் போக வேண்டாம். பத்து நாட்களைக் கடந்தாலோ, தணிந்தது மீண்டும் எழுந்தாலோ, மருத்துவரிடம் அந்தத் தேதிகளைச் சொல்லுங்கள். அவருக்கு அதைவிடச் சிறந்த உதவி இல்லை. கண் வீங்கினால் மட்டும் தேதி பார்க்க வேண்டாம். அடுத்த பேருந்துக்குப் புறப்படுங்கள்.